29 அதிகாரங்கள் தானாக வந்துவிடவில்லை

"அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் வந்த அன்றே 29 துறைகளும் பஞ்சாயத்துக்குப் போய்விட்டன, ஊர் முன்னேறாததற்குத் தலைவர்கள்தான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தில் 243ஜி பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதிகாரங்களை வழங்கலாம் என்றுதான் இருக்கிறது. 'வழங்க வேண்டும்' என்று இல்லை. 11ஆவது அட்டவணையில் உள்ள 29 இனங்களும் மாநிலம் மனம்வைத்தால் கொடுக்கக்கூடியவை, அவ்வளவே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், இடஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் போன்றவைதான் கட்டாயம்.

மனம்வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்), அங்கன்வாடி எல்லாம் அங்கே கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கையில் பணம் இருந்ததால் ஊர்க்கூட்டத்தில் பேசியதற்குப் பொருள் இருந்தது.

தமிழ்நாட்டிலோ கட்டாயமான தேர்தலே தள்ளிப்போனது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடைப்பட்ட காலம் முழுக்க அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம். அந்த ஆண்டுகளின் பழியை இல்லாத தலைவர்கள்மேல் எப்படிப் போடுவது? தவறு செய்யும் தலைவர்களும் உண்டு, அவர்களைக் கேள்வி கேளுங்கள். ஆனால் அதிகாரத்தைப் பிடித்துவைத்திருப்பவர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.