ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை

அந்த டாக்டர் அண்ணன் பதிவுக்கு வாய் திறக்கக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மருத்துவப் படிப்பில் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு இடம் வைக்கும் மாநில ஒதுக்கீடு "சோம்பேறிகளுக்குப் போட்ட வேலி"யாம். அதற்கு நம் நண்பர்களே ஹார்ட் விட்டிருக்கிறார்கள். நல்லது.

திருச்சி என்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு, சூரத்கல் என்.ஐ.டி.யில் பாதி கர்நாடகத்துக்கு. இரண்டும் ஒன்றிய அரசின் நிறுவனங்கள். அவை வேலி இல்லையாம். மாநில அரசு தன் மருத்துவக் கல்லூரியில் 15 சதவீத எம்.பி.பி.எஸ். இடத்தை அகில இந்திய ஒதுக்கீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் பிள்ளைகளுக்கு வைத்தால் மட்டும் வேலி!

"2022-ல் தமிழ்நாட்டில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிக்கு டெல்லியும் பணம் தந்ததே?" தந்தது, யார் இல்லை என்றது? நிலமும் மாதாமாதம் சம்பளமும் யார் தலையில்?

முதுநிலை மருத்துவ இடங்களில் பாதி ஏற்கெனவே அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விட்டது. மீதிப் பாதியிலும் வசிப்பிடம் பார்க்கக் கூடாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் எம்.பி.பி.எஸ்.ஸில் ஓரளவுக்கு அது செல்லும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் அண்ணன் கண்ணில் படவில்லையா?

இந்த மாநிலத்துப் பிள்ளை என்று காட்டச் சொல்லும் இந்த விதியால் லாபம் பார்த்தவன் என்று என்னை நினைக்க வேண்டாம். எங்களை நன்றாக அலைக்கழித்த விதி இது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் தொல்லை இல்லை. அக்கா மகள் எட்டும் ஒன்பதும் பெங்களூரில் படித்தாள், மாமாவுக்கு மாற்றல். அவ்வளவுதான், நேட்டிவிட்டி, அதாவது சொந்த மாநிலச் சான்றிதழ், வாங்கு என்றார்கள். இ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். அக்காவின் பழைய டி.சி., அப்பாவின் பட்டா, மடிப்பில் கிழிந்த ரேஷன் கார்டு எல்லாம் மேசைமேல் கிடக்க, "நீங்கதான் ஊர்லயே இல்லையேம்மா" என்றார் ஒருவர். அக்கா பிறந்தது அந்த அலுவலகத்துக்குப் பின்தெருவில். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்போதும் விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

"தகுதி என்னாவது?" என்பார்கள். இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் நீட் மதிப்பெண் வரிசைதானே ஐயா? ரேஷன் கார்டைக் காட்டினால் ஸ்டெதாஸ்கோப் தருகிறார்களா? "வேலைக்கு மட்டும் வெளிமாநிலம் போகிறீர்களே?" போகிறோம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் "பிரிவினைவாதி" என்று அண்ணன் ஆட்கள் எழுதியதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். சோம்பேறி என்றதுதான் உள்ளே கிடந்து அறுக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தம்பி முழித்துக்கொள்வான் என்று சமையலறையில் உட்கார்ந்து, இரண்டு வருடம் படித்தாள் அந்தப் பெண். மதிப்பெண் போதவில்லை, சீட் கிடைக்கவில்லை. அந்த நேட்டிவிட்டி இன்னும் அக்காவின் பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள் இருக்கிறது.