கடலுக்கு ஏன் போட்ரெய்ட்?

(கொழும்பு காலிமுகத்திடல், கடற்கரை. பின்னேரம் ஆறு மணி.)

மாமா: கமராவைக் கிடையா வை பிள்ளை. இது லாண்ட்ஸ்கேப்.

மருமகள்: இல்லை மாமா, இதைப் போட்ரெய்ட்டிலதான் எடுக்கோணும்.

மாமா: முதலே சொல்லியிருக்கலாமே! (சீப்பை எடுத்துத் தலையை இழுத்துக்கொண்டு கமராவுக்கு முன்னால் போய் நிற்கிறார்.)

மருமகள்: உங்களை இல்லை மாமா. கடலை.

மாமா: கடலை பிறகு வாங்குவம். முதல் படத்தை எடு.

மருமகள்: ஐயோ, அந்தா இருக்கிற கடல்! போட்ரெய்ட் எண்டா கமராவை நிமிர்த்தி வைக்கிறது. அவ்வளவுதான்.

மாமா: கடல் படுத்துக் கிடக்கிற சாமான். அதை ஏன் எழுப்பி நிப்பாட்டுறாய்?

மருமகள்: சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் தண்ணியில ஒடுங்கி, நீட்டுக்கு எங்கட காலடி மட்டும் வருது, தெரியுதோ? கிடையா எடுத்தா அதில ஒரு துண்டுதான் விழும். ரெண்டு பக்கமும் சும்மா தண்ணி.

மாமா: நிமிர்த்தினா மேல சும்மா வானம். நட்டம் ஒண்டுதானே.

மருமகள்: அடிவானத்தை நடுவில விடுறவைக்கு நட்டம்தான். நான் மேல மூண்டில ஒரு பங்கில வைச்சிருக்கிறன். ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கினது முன்னால கிடக்கிற கல்லைப் பெரிசாக் காட்டத்தான். அந்த ஈரக்கல்லு லென்ஸுக்கு ஒரு மீட்டரில இருக்கு. கண் கல்லில ஏறி, வெளிச்சத்தில நடந்து, சூரியனுக்குப் போகும்.

மாமா: கல்லும் சூரியனும் சேர்ந்து தெளிவா வருமோ?

மருமகள்: 24 மில்லிமீட்டர் அகல லென்ஸ். அதின்ர துவாரத்தை எஃப் 11க்குச் சின்னனாக்கியிருக்கிறன். கல்லுக்குக் கொஞ்சம் அங்கால ஃபோக்கஸ். சூரியனில வைச்சா கல்லு கலங்கும்.

மாமா: அந்தப் பட்டத்தையும் பிடியன்.

மருமகள்: நல்ல கண் மாமா. வெறும் வானத்தை அது நிரப்பும். ஆனா கமராவை அண்ணாத்திப் பிடிச்சா விளக்குக் கம்பமெல்லாம் பின்னுக்குச் சாயும். கமராவை இப்பிடியே வைச்சுக்கொண்டு, பட்டம் கீழ இறங்கும் மட்டும் பார்த்திருக்கோணும்.

மாமா: பக்கத்தில உதென்ன தகடு?

மருமகள்: எல் வடிவத் தகடு. கமராவை நிமிர்த்தி ஸ்டாண்டில பூட்டுறதுக்கு. அது இல்லாமல் ஸ்டாண்டின்ர தலையைச் சரிச்சா பாரம் ஒருபக்கம் தொங்கி, கமரா மெல்ல மெல்லக் கீழ இறங்கும். பிறகு படத்தில கடல் இந்தியப் பக்கம் வழியும்.

மாமா: எடுத்த படம் தென்னை மாதிரி நெடுத்துப்போய் இருக்குமே?

மருமகள்: ஓம், அது உண்மை. கமராப் படத்தின்ர நீள அகலம் 3க்கு 2. அது நிமிர்ந்தா நெட்டைதான். 8க்கு 12இல ரெண்டு அங்குலத்தை வெட்டி 8க்கு 10 ஆக்குவன். வெட்டுறது வானத்தை. கடலை இல்லை.

மாமா: கடலைக்காரன் போறான் பிள்ளை...

மருமகள்: மாமா!

மாமா: என்ன சொன்னாலும், லாண்ட்ஸ்கேப் எண்டா கிடை. போனிலயே அப்பிடித்தான் எழுதியிருக்கு.

மருமகள்: வெள்ளவத்தையில உங்கட ஒழுங்கை முகப்பில நிண்டு கடலைப் பாருங்கோ. ரெண்டு பிளாட்டுக்கு நடுவால கதவு நீக்கல் மாதிரி நெடுக்கு வாக்கில ஒரு கீறல். அவ்வளவுதான். கிடையாக் கிடந்த கடலை மாடி மாடியா வித்துப்போட்டினம். ஏழாம் மாடிக்காரருக்குத்தான் அது லாண்ட்ஸ்கேப்.

மாமா: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து) நான் ரெண்டாம் மாடி.

மருமகள்: தெரியும்.

மாமா: குளியலறை ஜன்னலால கொஞ்சம் தெரியும். ஸ்டூலில ஏறினா.

மருமகள்: சரி, போய் அந்தப் பட்டத்துக்குக் கீழ நில்லுங்கோ. படத்தில ஒரு ஆள் இருந்தா நல்லம்.

மாமா: (சீப்பை எடுக்கிறார்) ஒரு நிமிஷம்.

மருமகள்: வேண்டாம் மாமா. வெளிச்சத்தைச் சூரியனுக்குத்தான் அளந்திருக்கிறன். நீங்கள் கரிக்கட்டை மாதிரி வருவியள்.