ஒடிசியஸ் வீட்டுப் பணிப்பெண்கள்

கிரேக்கக் காவிய நாயகர்களின் குறைகள் என்று பேச்சு வந்தால் எல்லாரும் அக்கிலிஸின் கோபத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு மன்னிக்கவே மனம் வராதது வேறொன்று. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 22ஆம் காண்டத்தில், சண்டை ஓய்ந்து நிதானம் திரும்பிய பிறகு ஒடிசியஸ் செய்த காரியம் அது.

டிராய் போருக்குப் போய் 20 வருடம் கழித்து வீடு திரும்பியவன், தன் மனைவி பெனிலோப்பியை மணக்கப் போட்டி போட்டுக்கொண்டு தன் சொத்தைத் தின்று தீர்த்தவர்களைக் கொன்று போடுகிறான். சரி, அதற்கு ஒரு பகை இருக்கிறது. பிணங்களைப் பார்த்துக் குதூகலிக்கப் போன வீட்டுப் பணிக்காரக் கிழவி யூரிக்ளியாவை, செத்தவர்கள் மேல் நின்று ஆரவாரம் செய்வது பாவம் என்று அடக்கவும் செய்கிறான். அதே மூச்சில், பணிப்பெண்களில் யார் யார் துரோகிகள் என்று அவளிடமே கேட்கிறான். 50 பேரில் 12 பேர் என்கிறாள்.

அந்த 12 பேரையும் வரவழைத்து முதலில் வேலை வாங்குகிறார்கள். பிணங்களை வெளியே சுமக்க வேண்டும். ரத்தம் படிந்த மேசை நாற்காலிகளைக் கடற்பஞ்சால் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வாளால் வெட்டச் சொல்கிறான் ஒடிசியஸ். மகன் டெலிமாக்கஸ், இவர்களுக்கு அப்படிக் கௌரவமான சாவு கிடையாது என்று கப்பல் கயிற்றைக் கட்டி வரிசையாகத் தூக்கில் தொங்கவிடுகிறான். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரம் இல்லை என்கிறார் ஹோமர். அந்த வரியைத் தாண்டிப் போவது எனக்கு இன்னமும் கஷ்டம்.

அவர்கள் செய்த குற்றம், அந்த ஆண்களோடு படுத்தது. ஆனால் அதே காண்டத்தின் தொடக்கத்தில், வில்லோடு நின்று அந்த ஆண்கள் மேல் ஒடிசியஸ் அடுக்கும் குற்றச்சாட்டில் ஒன்று, "என் வீட்டுப் பணிப்பெண்களைப் பலவந்தப்படுத்தினீர்கள்" என்பது. அவன் வாயாலேயே சொன்னது!

இன்னொன்றும் இருக்கிறது. பாடகன் ஃபீமியஸ் ஒடிசியஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நானாக இவர்களுக்குப் பாடவில்லை, கட்டாயப்படுத்திப் பாட வைத்தார்கள் என்று கெஞ்சுகிறான். டெலிமாக்கஸ் அவனுக்காகப் பரிந்து பேசுகிறான். உயிர் தப்புகிறான். கட்டாயம் என்பது ஒரு நியாயம்தான் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். பெண்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாரும் வற்புறுத்தப்பட்டவர்கள் இல்லையே என்பார்கள். உண்மைதான். மெலாந்தோ என்ற பணிப்பெண் வாய்த்துடுக்காகப் பேசுகிறாள். சில பெண்கள் இரவில் சிரித்துக்கொண்டே அந்த ஆண்களிடம் போவதை ஒடிசியஸே கேட்கிறான். ஆனால் எஜமானன் இல்லாத வீட்டில் 108 ஆண்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும்போது, ஓர் அடிமைப் பெண்ணின் சம்மதத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்? தண்டனை கொடுக்கிறவனோ ஊர் திரும்பும் வழியில் கிர்க்கி என்ற மாயக்காரியோடு ஒரு வருடம் விருந்தும் படுக்கையுமாக இருந்தவன். கூட வந்தவர்கள் நினைவுபடுத்திய பிறகுதான் அவனுக்கு ஊர் ஞாபகமே வருகிறது.

அந்தக் காலத்து தர்மம் வேறு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் அக்கிலிஸ், தான் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி நாள்தோறும் இழுத்தபோது, இவன் இரக்கத்தைத் தொலைத்துவிட்டான் என்று கடவுள்கள் சபையிலேயே அப்போலோ குற்றம் சாட்டுகிறான். கடைசியில் அக்கிலிஸ் உடலை ஹெக்டரின் தந்தை பிரயமிடம் கொடுத்துவிடுகிறான், அந்தக் கிழவனோடு சேர்ந்து அழவும் செய்கிறான். ஆக, கொடுமையைக் கொடுமை என்று பார்க்கும் கண் அந்தக் காலத்துக்கும் இருந்தது. அந்தக் கண் ஓர் அரசகுமாரனின் உடல் வரைக்கும்தான் போனது என்பதுதான் என் ஆதங்கம்.

ஒடிசியின் கடைசிக் காண்டத்தில் செத்த ஆண்களின் உறவினர்கள் வந்து உடல்களை எடுத்துப் போகிறார்கள். பழிவாங்க ஆயுதம் தூக்குகிறார்கள். அத்தீனா தெய்வமே வந்து சமாதானம் செய்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த 12 பெண்களைக் கேட்டு யாரும் வருவதில்லை.