வீடும் இல்லை, வண்டியும் இல்லை

ஆபீசில் ஒரு நண்பர். ஆறு மாதமாக ஒரே பாட்டு. "ஒரு தடவை ஆர்.வி. எடுத்துப் பாருங்க ஜி, அப்புறம் ஹோட்டல் பக்கமே போக மாட்டீங்க." ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி வீடு. அவர் பேச்சைக் கேட்டு வாடகைக்கு எடுத்தேன் பாருங்கள், என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் ஃப்ரிமாண்டிலிருந்து நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடந்து கிரேட் பேசின் தேசியப் பூங்கா. வழி, ஹைவே 50. 1986-ல் லைஃப் பத்திரிகை 'அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை' என்று சொன்னதே, அதுதான். அந்த வசவையே விளம்பரமாக்கி, ஊருக்கு ஊர் முத்திரை குத்தித் தருகிறார்கள். மனைவிக்கு அந்த முத்திரைகள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஓடும் வண்டியில் கட்டிலில் உருள வேண்டும் (கூடாது, பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்றதும் அழுகை). எனக்கு வாய்த்தது 30 அடி நீளத் தகர டப்பாவின் ஸ்டியரிங்.

நெவாடாவில் ஃபாலன் என்ற ஊரைத் தாண்டியதும் பக்கவாட்டில் காற்று பிடித்தது. ஒரு சுவருக்குச் சக்கரம் மாட்டி 70 மைல் வேகச் சாலையில் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. 55-க்கு மேல் போனால் அடுத்த தடத்துக்கு இழுக்கிறது. பின்னால் ஒரு பிக்கப் வந்து ஒட்டிக்கொண்டது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லை. நடுவில் விட்டு விட்டுப் போட்ட மஞ்சள் கோடு. தாண்டிப் போயேன் சாமி! போகமாட்டான். தாண்டக் கூடாத மலையேற்றம் வந்ததும் ஹாரன் அடிப்பான். அந்தச் சாலையில் மலையேற்றத்துக்கா பஞ்சம்? ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி மலை. பூங்காவுக்கு முன்னால் வரும் ஈலி என்ற ஊர் வரைக்கும் இதே கதைதான்.

சரி, ஏசி விஷயத்துக்கு வருகிறேன். டேஷ்போர்டு ஏசி முன் சீட்டோடு சரி. பின்னால் அடுப்பு. கூரை ஏசி போட ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனி வாடகை. அது குடிப்பதும் வண்டியின் அதே பெட்ரோலை, வண்டியோ கேலனுக்கு 8 மைல். கொடுத்துத் தொலைவோம் என்று போட்டேன். ஃபாலனில் பெட்ரோல் போடாமல் வந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நாற்பது மைல் போனதும் ஜெனரேட்டர் பொசுக்கென்று நின்றது. டேங்க் கால்வாசிக்கு இறங்கினால் அது நின்றுவிடுமாம்! வண்டி ஊர் போய்ச் சேரட்டும் என்று அதன் குழாயை டேங்கில் உயரமாக வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். சாவி கொடுக்கும்போது அதைச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? கால் மணி நேரம் பாடம் எடுத்தார்கள், டிவி ரிமோட்டைப் பற்றி.

ஆஸ்டின் என்ற சிற்றூர் வரை இன்னும் 70 மைல், ஜன்னலைத் திறந்துகொண்டு. ஒரு வளைவில் மேல் அலமாரி திறந்து சாம்பார்பொடி டப்பா விழுந்தது. திறந்த ஜன்னல், அந்தக் காற்று, சாம்பார்பொடி. நான்கு பேரும் தும்மிக்கொண்டே மலையேறினோம். பிக்கப்காரன் ஹாரன் அடித்தான்.

பூங்கா முகாமில் மின் இணைப்பு கிடையாது. அங்கே இரவு குளிர்ந்துவிட்டதால் பிழைத்தோம். வானம் நிறைய நட்சத்திரம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் திரும்பும் வழியில் கக்கூஸ் தொட்டி நிரம்பிவிட்டதென்று சிவப்பு விளக்கு. ஈலியில் நிறுத்தி, கையுறை மாட்டி, யானைத் துதிக்கை போன்ற ஒரு குழாயை முறுக்கிப் பொருத்த வேண்டும். முதலில் கறுப்புத் தொட்டி (கக்கூஸ் தொட்டிக்கு அதுதான் பெயர்), பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர்தான் குழாயைக் கழுவும். முறுக்கினேன். முழுசாக முறுக்கவில்லை. என் செருப்பு இப்போது ஈலியில் ஒரு குப்பைத் தொட்டியில் இருக்கிறது. நான்கு நாளைக்கு இவ்வளவு வாடகை கொடுத்து நான் பார்த்த உத்தியோகம் இது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது 'உள்ளே மசாலா வாடை' என்று சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போட்டார்கள்.

திங்கட்கிழமை நண்பரைப் பிடித்தேன். "ஜி, நீங்க எத்தனை தடவை டேங்க் காலி பண்ணியிருக்கீங்க?"

"அதெல்லாம் எதுக்கு? நாங்க ஹாஃப் மூன் பேயிலயே ரெண்டு நாள் நிறுத்திட்டோம். கரண்ட், தண்ணி, டிரெய்னேஜ் எல்லாம் அங்கேயே கனெக்‌ஷன் கொடுத்துட்டாங்களே."

எங்கள் ஊரிலிருந்து ஹாஃப் மூன் பே 30 மைல்.