பழவேற்காடு என்றாலே டச்சுக்காரர்கள்தானா?

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்தைப் பற்றி வந்த உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. 1613-இல் எழும்பிய அவர்களுடைய கெல்டிரியா கோட்டை, எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு நிற்கும் கல்லறைத் தோட்டம் எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் 1825-இல் ஆங்கிலேயரிடம் ஊரை விட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பற்றியே முழுக் கட்டுரையும் என்றால் மனசு ஒப்பவில்லை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பதை நம்பி அங்கேயே தங்கிவிட்டவர்கள் எங்கே?

குறிப்பாக, மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பங்கிடும் பாடு முறையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறைய கிடைக்கும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. எந்த ஊருக்கு எந்த இடம், யாருக்கு எந்த நாள் என்று கிராமத்தார் கூடி, சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை வந்தவர்தான் கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டலாம். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

அப்புறம், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்து எழுப்பப்பட்ட மீனவர்களும் இந்த ஏரிக்கரைக்குத்தான் வந்தார்கள். ஏற்கெனவே பங்கு பிரித்த தண்ணீரில் புதிதாக வந்தவர்களுக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? தகராறுகள் வந்தன. அவர்களும் இன்று அந்த ஊர்க்காரர்கள்தான். பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அடுத்த பகுதி எழுதினால் கோட்டை மேட்டை விட்டு இறங்கி, இந்தக் குப்பங்களுக்குள் போய் எழுதுங்கள், ஆசிரியரே.