தீயணைப்புச் சேவை எங்கும் போகவில்லை

"அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் தீயணைப்பு நிலையத்தை மூடி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி தீப்பிடித்தால் என்ன கதி?" என்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். கட்டடம் மாணவர் கையில் இருப்பது சரிதான். ஆனால் சான்டா தெரசா தெருவில் இருக்கும் அது பழைய நிலையம். மகளிர் சமூக மையமும் பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பாளர், திருநர் முதலியோர்) மாணவர் மையமும் பல வருடங்களாக அங்கேதான் இயங்குகின்றன.

1976 முதல் ஒப்பந்தப்படி வளாகத்தைப் பார்த்துக்கொள்வது பக்கத்திலுள்ள பாலோ ஆல்டோ நகரத் தீயணைப்புத் துறை. அதன் 6ஆம் எண் நிலையம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் பாதுகாப்பு எங்கே குறைந்தது? கூடிப் பேச ஓர் இடம் தேடும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கட்டடம் எவ்வளவு பெரிய ஆதரவு! அவர்கள் மேல் பழி விழும்படி எழுதுவது நியாயமில்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.