அக்காவுக்கு இன்னும் தாலி கட்டவில்லை

மறுபடியும் நீலத் திரை. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் நாலாவது தடவை.

1996-ல் நடந்த அக்கா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட். கேசட் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியைச் செருகி, அதைப் பதியப் பார்க்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டது. அக்கா கூரைப்புடவையில் வந்து மணவறையில் உட்கார்ந்துவிட்டாள். தாலித் தட்டு சபையில் சுற்றி வருகிறது, தாத்தா கண்ணை மூடித் தொட்டுக் கும்பிடுகிறார். நாதஸ்வரக்காரர் கெட்டி மேளத்துக்கு மூச்சை இழுக்கிறார். அந்த இடத்தில் படம் உறைகிறது. ஸ்பீக்கர் ஒரே ஸ்வரத்தை அரை நொடி ‘ஈஈஈ’ என்று அலறுகிறது. அப்புறம் நீலத் திரையில் அந்தச் சோக மூஞ்சி. அதன் கீழே ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று ஒரு வரி. யாருக்குப் புரியும் என்று இதை எழுதி வைத்தார்கள்? 2025-ல் விண்டோஸ் 11-ல் இந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டார்களாம். துக்கத்துக்குப் பொருத்தமான நிறம்தான்.

தாலி கட்டும் இடத்திலிருந்தே பதிவைத் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். செய்யாமலா இருப்பேன்? தாலி கட்டினார்கள், அட்சதை விழுந்தது, பன்னிரண்டாவது நிமிடத்தில் கம்ப்யூட்டரும் விழுந்தது. ஏவிஐ ஃபைல் என்பது பதிவு முறையாக முடியும்போதுதான் தன் அட்டவணையைக் கடைசியில் எழுதிக்கொள்ளும். நடுவில் செத்தால் அட்டவணை கிடையாது. 15 ஜிபிக்கு ஒரு ஃபைல் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது, எந்த பிளேயரும் அதைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கேசட் தேய்கிறது. ஏற்கெனவே ஓரத்தில் பூஞ்சை பிடித்து, துடைத்து, ரீவைண்ட் செய்து காப்பாற்றியது. நான் கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து ஓட்டுகிறேன். அந்தக் கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவருக்கு என்ன கவலை?

பழியை யார் மேல் போட்டார்கள் தெரியுமா? முதலில் ரேம் மேல். “கழட்டி, கோல்டு பின்னை எரேசர்ல துடைச்சு மாட்டுங்க சார்” என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் இதுதான் முதல் கஷாயம். துடைத்தேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழைகூட இல்லை. அடுத்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். 2,400 ரூபாய் கொடுத்துப் புதிதாக மாட்டினேன், அன்று சாயங்காலமே நீலத் திரை. அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கடைசி அஸ்திரம்: “ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம் சார்.” போட்டோம். இரண்டு நாள் போனது. சுத்தமான புது விண்டோஸில், சுத்தமாக அதே இடத்தில், அதே ஸ்வரத்தில் ‘ஈஈஈ’.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு தடவை விழும்போதும் கம்ப்யூட்டர் அதில் ஒரு சின்ன மரண வாக்குமூலம் எழுதி வைக்கும். ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். முதல் மூன்றும் ‘என்டிஓஎஸ் கெர்னல்’ என்று, அதாவது விண்டோஸின் மையப் பகுதியையே கை காட்டின. இங்கேதான் பாதிப் பேர் ஏமாந்து மறுபடியும் விண்டோஸ் போடுகிறார்கள். வீட்டில் பொருள் உடைந்தால் உடைந்த சத்தம் கேட்ட அறையில் இருந்தவனைப் பிடிப்பது மாதிரி அது. உடைத்துவிட்டு ஓடியவன் வேறு ஆள்.

விண்டோஸுக்குள்ளேயே டிரைவர் வெரிஃபையர் என்று ஒரு கருவி இருக்கிறது. நாம் சுட்டிக்காட்டும் டிரைவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, தப்புச் செய்த அந்தக் கணத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்கும். கேப்சர் கருவியின் டிரைவரை மட்டும் அதில் டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸ் முழுதாகத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் நீலத் திரை, இந்தத் தடவை டிரைவர் ஃபைலின் பெயரோடு. பிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். அடுத்த ரீஸ்டார்ட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. கம்ப்யூட்டர் இப்போது திறக்கவே மறுக்கிறது. சேஃப் மோடில் போய், கறுப்பு ஜன்னலில் ‘வெரிஃபையர்’, ஒரு இடைவெளி, சாய்கோடு, ‘ரீசெட்’ என்று அடித்த பிறகுதான் உயிர் வந்தது. இதை யாராவது செய்வதாக இருந்தால் அந்தக் கட்டளையை முதலில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போனில் கிடைத்தபோது ராத்திரி மணி இரண்டு.

ஆக, குற்றவாளி 1,100 ரூபாய்க்கு வாங்கிய அந்த யூஎஸ்பி கேப்சர் கருவி. விரல் நீளம்தான் இருக்கும், ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்கள். அதன் டிரைவர் ஒரு குட்டி சிடியில் வந்தது. இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருக்கிறது என்று கேட்காதீர்கள், அது தனிப் புலம்பல். அந்த சிடிக்குள் நாலு ஃபோல்டர், நாலு டிரைவர். எது என்னுடையது? பெட்டியில் இல்லை, சீட்டில் இல்லை, கருவியின் முதுகிலும் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் கொடுமை. இந்த வகைக் கருவிகளில் வெளிக்கூடு ஒன்றாகவே இருக்கும். உள்ளே சின்டெக் சிப் இருக்கலாம், எம்பியா இருக்கலாம், ஃபுஷிகாய் இருக்கலாம், சோமாஜிக் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு. எது இருக்கிறது என்று தெரிய, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திறந்து, டீடெயில்ஸில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்து, அந்த எண்ணை இணையத்தில் தேட வேண்டும். சின்டெக் எஸ்டிகே1160 என்றால் அதில் ‘விஐடி’ என்பதற்குப் பக்கத்தில் ‘05இ1’ இருக்கும், ஃபுஷிகாய் என்றால் ‘1பி71’. கல்யாண வீடியோவைப் பதிய வந்தவன் எதற்கையா இந்த ஜாதகம் பார்க்க வேண்டும்? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடுகிறார்கள்.

சீட்டில் வேறொன்று அச்சிட்டிருந்தார்கள். டிரைவர் ஏறவில்லை என்றால் ஆன்டிவைரஸை அணைக்கவும், டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பை அணைக்கவும், மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கவும். அதாவது வீட்டுப் பூட்டு, தாழ்ப்பாள், கேட் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிடு என்கிறார்கள். 2016-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து, கெர்னலுக்குள் போகும் புது டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்து வேண்டும் என்று விதி கொண்டுவந்ததே இந்த மாதிரி ஆட்களை வாசலில் நிறுத்தத்தான்.

சாதாரண மென்பொருள் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடும். டிரைவர் அப்படியில்லை, செருப்போடு பூஜையறை வரைக்கும் போகிற ஆள். அவன் கெர்னலில் கூடாத இடத்தைத் தொட்டால், மேற்கொண்டு நாசம் ஆகாமல் இருக்க விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நீலத் திரை அதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன, ஏர்போர்ட்டில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். அதுவும் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்த டிரைவரின் வேலைதான். உலகத்துக்கு வந்தால் தலைப்புச் செய்தி. என் வீட்டுக்கு வந்தால் ரேமைத் துடை.

எனக்கு இது முதல் தடவையும் இல்லை. 2010 வாக்கில் கேபிள் டிவியைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஒரு டியூனர் கார்டு வைத்திருந்தேன், உள்ளே பிடி878 சிப். 2 ஜிபி ரேமில் சமர்த்தாக ஓடியது. ஆசைப்பட்டு 8 ஜிபி போட்டு, 64 பிட் விண்டோஸ் 7-க்கு மாறினேன். சேனல் மாற்றினால் கம்ப்யூட்டர் செத்தது. அந்த சிப் படத்தை நேராக ரேமில் கொண்டுபோய் எழுதும், ஆனால் அதற்குத் தெரிந்தது 32 பிட் முகவரி, அதாவது 4 ஜிபி வரைக்கும்தான். டிரைவர் எழுதியவர் அதற்கு மேல் ரேம் வரும் என்று யோசிக்கவில்லை என்றால், படம் போய் விழும் இடம் கடவுளுக்கே வெளிச்சம். எம்எஸ்கான்ஃபிகில் அதிகபட்ச மெமரியைக் குறைத்து வைத்ததும் நின்றது. காசு கொடுத்து வாங்கிய ரேமை, டிவி பார்ப்பதற்காகப் பூட்டி வைத்தேன்.

என் வயிற்றெரிச்சல் இதுதான். யூஎஸ்பி வழியாக வீடியோ அனுப்ப யூவிசி என்று ஒரு பொது முறை 2003-லேயே வந்துவிட்டது. வெப்கேமராக்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. செருகினால் விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்து ஓட்டும், சிடியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் எச்டிஎம்ஐ கேப்சர் கருவிகூட அப்படித்தான் வருகிறது. பிறகு இவர்களுக்கு மட்டும் எதற்குச் சொந்த டிரைவர்? எழுதிவிட்டுக் கைகழுவி, சிடியை அச்சடித்து, வருஷக்கணக்கில் அதே சிடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருப்பதற்கா?

ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி ஒன்றை நடுவில் வைத்து அந்த எச்டிஎம்ஐ கருவியையும் செருகிப் பார்த்தேன். விழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, அசைவில் சீப்புப் பல் மாதிரி கோடு போட்டது. அப்பாவின் முகம் ரவா உப்புமா. வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

கடைசியில் விண்டோஸை விட்டுவிட்டு, ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு பூட் செய்தேன். மேலே சொன்ன நாலு சிப்பில் மூன்றுக்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, என்னுடையது அந்த மூன்றில் ஒன்று. செருகினேன். படம் வந்தது. ஒரு டிரைவரும் ஏற்றவில்லை, ஒரு பூட்டையும் கழற்றவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே சிப்புக்குத் தயாரித்த கம்பெனி ஒழுங்காக எழுதாத டிரைவரை, யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதி, சும்மா கொடுத்திருக்கிறார்கள்!

மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். கெட்டி மேளம் வந்தது. தாலி ஏறியது. ஸ்டூடியோக்காரர் அந்தக் காலத்து வழக்கப்படி இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை, பொண்ணு முகத்தைச் சுழற்றிப் பறக்கவிட்டார். பந்தி வந்தது, தாத்தா இலையில் இன்னொரு ஜாங்கிரி கேட்டது வந்தது. எதுவும் விழவில்லை.

உடனே அக்காவுக்கு போன் செய்தேன்.

“இதுக்காடா ஒரு மாசம்? சரி, அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பு, அத்தான் பக்கத்துலதான் இருக்கார்.”

ஃபைல் 93 ஜிபி.